சோலையும் சதுப்பும்

கொங்கு நாட்டின் பெரும்பகுதி மழை குறைந்த நிலமாகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் கொணரும் மேகம் தன் நீர்ச்சுமையை மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவிலேயே பெரிதும் இறக்கிவிடுகின்றது. மலையைக் கடந்து கீழ்த்திசை வரும் காற்று ஈரம் குன்றிய காற்றாகவே வருகின்றது. கோயம்புத்தூர்ச் சமவெளியில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் அளவினதே. ஆகவே, அந்நாட்டு உழவர் பாறையை உடைத்து ஆழமாகக் கிணறு தோண்டினர். கவலை பூட்டி எருதுகளைக் கொண்டு நீர் இறைத்தனர். கம்பும் சோளமும் பருத்தியும் விளைத்தனர்.

ஆயினும், அதே கொங்கு நாட்டில் கோபிசெட்டிபாளையம், ஈரோடு ஆகிய ஊர்களைச் சுற்றி நெல்லும் கரும்பும் மஞ்சளும் செழித்து வளர்கின்றன. பவானியாறு பாய்வதே அச்செழிப்புக்குக் காரணம் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆனால், மழை ஓய்ந்து பல நாள் கழிந்த பின்னரும் அவ்வாற்றுக்கு நீர் ஊட்டுவது யாது? பெய்த மழை பெய்த அன்றே ஓடிக் கடலை அடைந்திருக்க வேண்டுமன்றோ? அதனை இடையில் தடுத்து, வைத்திருந்து, சிறுகச் சிறுக விடுவது எது? இவ்வினாவுக்கு விடையை நூலில் தேடுவதினும் நேரில் காண்பது நன்று. அதனைக் காண்பதற்கு உயர்ந்த சிகரங்களில் ஏறவேண்டுவதில்லை. நீலகிரியில் கோத்தகிரியை அடுத்துள்ள ஒரு சோலைக்குள் ஓரிரு மணி நேரம் மெல்ல நடந்தாலே போதும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் செல்லும் மலைப்பாதை முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான நீளமுடையது. வளைவுதோறும் வெப்பம் குறைகின்றது. ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் கோத்தகிரி அமைந்துள்ளது. ஒரு காலத்தில் இம்மலை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கோயம்புத்தூர் ஆட்சித் தலைவராக இருந்த சான் சல்லிவன், 1819ஆம் ஆண்டில் இம்மலைமீது ஏறி, கோத்தகிரிக்கு அருகில் தங்குமிடம் அமைத்தார். 1868இல்தான் நீலகிரி தனி ஆட்சிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டது. ஆட்சி பிரிந்தது, நீர் பிரியவில்லை. இம்மலையின் ஓடைகள் எப்பக்கம் இறங்கினும் பெரும்பாலும் மாயாற்றையோ பவானியையோ சேர்கின்றன. அவ்விரண்டு ஆறுகளும் பவானிசாகர் அணையில் கூடுகின்றன.

கோத்தகிரியில் எத்திசை நோக்கினும் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலக் காட்சி தரும். அத்தோட்டங்களுக்கு நடுவே கருநிறமான ஒரு காடு திரண்டு நிற்கின்றது. அதுவே லாங்வுட் சோலை. அதன் பரப்பு 116 எக்டேர்; ஏக்கர்க் கணக்கில் ஏறத்தாழ 287. பெரிய காடுகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆயினும் இச்சிறு காடே சுற்றியுள்ள சிற்றூர்களுக்குக் குடிநீர் அளிக்கும் ஊற்றாக விளங்குகின்றது.

சோலை என்னும் சொல் தமிழர்க்குப் பழகிய சொல். மரம் அடர்ந்து நிழல் செறிந்த இடத்தை நம் முன்னோர் சோலை என்றனர். சமவெளியில் வாழ்வோர் பூங்காவையும் தோப்பையும் அச்சொல்லால் குறித்தனர். மலையில் வாழ்வோரோ, உயர்ந்த மலைகளின் மடிப்புகளில் இயற்கையாக வளர்ந்த குட்டையான பசுமைமாறாக் காட்டிற்கே அப்பெயரை வழங்கினர். ஆங்கிலேயர் அதனைக் கேட்டு ‘ஷோலா’ என எழுதினர். இன்று உலகத் தாவர நூலார் அனைவரும் அத்தமிழ்ச் சொல்லையே கலைச்சொல்லாக ஆளுகின்றனர். நீலகிரி, ஆனைமலை, பழனிமலை முதலிய இடங்களில் இத்தகைய சோலைகள் உள்ளன.

வனத்துறையினரின் இசைவு பெற்று இச்சோலைக்குள் நுழைவோர் முதலில் உணர்வது ஒளியின் மாற்றமாகும். வெளியே கண்ணைக் கூசச் செய்த வெயில், நாலடி உள்ளே சென்றதும் மறைந்துவிடுகின்றது. சோலை மரங்கள் வானளாவ உயர்வதில்லை. மலைக்காற்றை எதிர்த்து நிற்க வேண்டியிருத்தலின், அவை அடிமரம் திரண்டு, கிளை முறுக்கேறி, தலை குவிந்து நிற்கின்றன. நாவல் இனத்தைச் சேர்ந்தனவும், உருத்திராக்க இனத்தைச் சேர்ந்தனவும், இலவங்கம், செண்பகம் ஆகியவற்றின் மலையுறவுகளும் நீலகிரிச் சோலைகளில் கலந்து வளர்கின்றன. மேலிருந்து நோக்கினால் அவற்றின் தழைமுடிகள் இடைவெளியின்றி நெருங்கி ஒரே கூரைபோலத் தோன்றும்.

இக்கூரைதான் சோலையின் முதல் வேலையாள். பெருமழை பெய்யுங்கால் துளிகள் நேரே நிலத்தைத் தாக்குவதில்லை. அவை இலையில் விழுந்து, கிளையில் இறங்கி, அடிமரம் வழியாக மெல்லத் தரையை அடைகின்றன. மழையில்லாத நாளிலும் மூடுபனி இச்சோலையைத் தழுவிச் செல்லும். அப்பனியை இலைகளும், கிளைகளை மூடிய பாசிகளும், மரத்தில் ஒட்டி வாழும் பெரணிகளும் வடிகட்டி நீராக்குகின்றன. மழை பெய்யாத பொழுதும் சோலைக்குள் சொட்டுச் சொட்டென ஒலி கேட்பதன் காரணம் இதுவே.

அடுத்து, காலடியில் கிடக்கும் சருகைக் காண்க. ஆண்டாண்டாக உதிர்ந்த இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கீழ்ப்பகுதி மக்கிக் கருமண்ணாகி, மேற்பகுதி மெத்தைபோல் மென்மையாக உள்ளது. அதன்மேல் நடந்தால் ஓசை எழுவதில்லை. இம்மெத்தை நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி மண்ணுக்குள் இறக்குகின்றது. மொட்டைச் சரிவில் விழுந்த மழைநீர் மண்ணையும் அரித்துக்கொண்டு செந்நிறமாய் ஓடும். சோலையிலிருந்து வெளிப்படும் நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும்.

ஓசையடங்கிய அவ்விடத்தில் பறவைகளின் குரல் தெளிவாகக் கேட்கும். நகைப்பதுபோல் உரத்துக் குரல் எழுப்பும் நீலகிரிச் சிரிப்பான் என்னும் பறவை உலகில் இம்மலைப்பகுதியன்றி வேறெங்கும் இல்லை. கருநீல முதுகும் செம்பழுப்பு விலாவும் உடைய மற்றொரு சிறு பறவை தரையை ஒட்டிய புதர்களில் இரை தேடும். உயரத்தே நீலகிரிக் காட்டுப்புறா பழம் தேடி அமரும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியனவாக எண்ணப்பட்ட 26 பறவையினங்களுள் 14 இங்குக் காணப்படுகின்றன. பறவைகள் உண்டு எச்சமிடும் விதைகளே நாளைய மரங்களாதலின், பறவையின்றிச் சோலை இல்லை. சோலையின்றிப் பறவையும் இல்லை.

பாதை சரிந்து தாழ்ந்த இடத்தை அடையுங்கால் மண்ணின் இயல்பு மாறுகின்றது. குடைபோல் விரிந்த மரப்பெரணிகள் ஓடையோரத்தில் நிற்கும். அங்கே கால் வைத்தால் நிலம் அமுங்கும். அடிச்சுவட்டில் நீர் ஊறி நிற்கும். இதுவே சதுப்பு. அள்ளல், சேறு, செறு எனத் தமிழில் ஈரநிலத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் சதுப்பு என்பது நீர் வடியாமல் எப்பொழுதும் ஊறிக் கிடக்கும் நிலத்தைக் குறிக்கும்.

இத்தகைய சதுப்புகள் சோலைக்குள் மட்டும் அமைவதில்லை. உதகமண்டலத்தைச் சூழ்ந்த உயர்ந்த மேட்டுநிலத்தில், இரண்டு புல்மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில், மரமின்றித் திறந்த வெளியாக அவை பரந்து கிடக்கின்றன. புல்வெளி, சோலை, சதுப்பு ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகள் போல்வன. மேட்டில் புல்வெளி மழையை ஏற்கின்றது. மடிப்பில் சோலை அதனை நிலத்துள் இறக்குகின்றது. பள்ளத்தில் சதுப்பு அதனைத் தேக்கி ஓடையாக விடுகின்றது.

சதுப்பு உண்டாகும் முறை வியப்புக்குரியது. செடி மடிந்தால் மக்கி மண்ணாதல் இயல்பு. மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் காற்றிலுள்ள உயிர்வளி வேண்டும். சதுப்பில் நீர் நிறைந்து நிற்பதால் உயிர்வளி உட்புகுவதில்லை. குளிர்ச்சியும் அந்நுண்ணுயிர்களின் வேகத்தைக் குறைக்கின்றது. ஆகவே மடிந்த புல்லும் கோரையும் முழுவதும் மக்காமல் கறுத்த நார்போலப் படிகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இவ்வாறு படிந்த கருமண்ணை மேனாட்டார் ‘பீட்’ என்பர். இக்கருமண் தன் எடையைப்போலப் பன்மடங்கு நீரைத் தாங்கவல்லது.

ஊட்டம் குறைந்த இச்சேற்றில் வாழ்வதற்குச் சில செடிகள் விந்தையான வழிகளைக் கைக்கொண்டுள்ளன. அழுகண்ணி எனப்படும் சிறுசெடியின் இலைமயிர் நுனிகளில் பனித்துளிபோன்ற பசை பளபளக்கும். நீரென்று நம்பி வரும் சிறு பூச்சி அதில் ஒட்டிக்கொள்ளும்; செடி அதனைச் செரித்துத் தனக்கு வேண்டிய சத்தைப் பெறும். இம்மலையின் தோடர்கள் சதுப்பில் மட்டுமே வளரும் ஒருவகைப் புல்லைக் கொய்து தம் கோயில்களுக்குக் கூரை வேய்கின்றனர். சதுப்பு அழிந்தால் அப்புல் இல்லை. அப்புல் இல்லையேல் அக்கோயிலுக்குப் பழைய முறைப்படி கூரை இல்லை.

சதுப்பின் சிறப்பை நன்கறிய, உலகின் வடகோடியிலுள்ள பின்லாந்து நாட்டையும் ஒருமுறை நோக்குதல் தகும். அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முற்காலத்தில் சதுப்பாக இருந்தது. அங்கே ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடும், ஸ்பேக்னம் என்னும் பாசி படர்ந்த சதுப்பும் மாறி மாறி அமைந்துள்ளன. டோரன்சுவோ என்னும் தேசியப் பூங்காவில் சதுப்புக் கருமண் சில இடங்களில் 10 மீட்டருக்கும் மிகுந்த ஆழமுடையது. நடப்போர் புதையாமலும், பாசி மிதிபடாமலும் இருக்குமாறு, சதுப்பின்மேல் நீண்ட பலகைகளை இணையாக இட்டு வழி அமைத்துள்ளனர். முதியோரும் சிறுவரும் அப்பலகை வழியே எளிதாக நடந்து சதுப்பின் அழகைக் காண்கின்றனர். நம் மலையிலுள்ள அழுகண்ணியின் உறவினச் செடி ஒன்று அங்கும் பூச்சிகளைப் பிடித்து வாழ்கின்றது. பனி உறையும் அந்நாட்டிலும், வெப்ப மண்டலத்து நம் மலையிலும் இயற்கை ஒரே தொழிலை ஒரே முறையில் நடத்துதல் காண்க.

அந்நாட்டார் செய்த பிழையும் நம்மவர் செய்த பிழையும் ஒன்றேயாகும். சதுப்பு பயனற்ற நிலம் என்று கருதி, கடந்த நூற்றாண்டில் பின்லாந்து மக்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து மரம் வளர்த்தனர். அவ்வாறு வடிக்கப்பட்ட சதுப்பு பாதிக்கும் மேற்பட்டது. பின்னர் அதன் தீங்கை உணர்ந்து, வெட்டிய வாய்க்கால்களுள் சிலவற்றைத் தாமே அடைத்துச் சதுப்பை மீட்கத் தொடங்கினர்.

நீலகிரியில் நிகழ்ந்தது யாது? மரமில்லாத புல்வெளியைக் கண்ட ஆங்கிலேயர், அதனை வெற்று நிலம் என்றே எண்ணினர். முன்பு இருந்த காட்டை மலைவாழ் மக்கள் வெட்டியும் எரித்தும் அழித்ததால் புல் முளைத்தது என்று கூறினாரும் உளர். ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆத்திரேலிய நாட்டுத் தைலமரமும் சீகை மரமும் கொணர்ந்து நட்டனர். தேயிலைத் தோட்டங்கள் விரிந்தன. சதுப்புகள் வடிக்கப்பட்டு உருளைக்கிழங்கும் பிற காய்கறிகளும் பயிரிடப்பட்டன. நாடு விடுதலை பெற்ற பின்னரும் பல ஆண்டுகள் இவ்வழக்கம் தொடர்ந்தது. விரைந்து வளரும் அயல்மரங்கள் நிலத்தின் நீரை மிகுதியாகக் குடித்தன, ஓடைகள் மெலிந்தன.

புல்வெளி வெற்று நிலம் என்ற அவ்வெண்ணம் தவறென்று மெய்ப்பித்த சான்று எங்கிருந்து கிடைத்தது? சதுப்பிலிருந்தே கிடைத்தது. ஓலையின்மேல் ஓலை அடுக்கிக் கட்டிய பழஞ்சுவடி போன்றது சதுப்பு. அடியிலுள்ள படிவு மிகப் பழையது, மேலுள்ளது புதியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுகுமாரும் பிற அறிஞரும் நீலகிரிச் சதுப்பில் ஆழத் துளையிட்டுக் கருமண்ணை எடுத்து ஆராய்ந்தனர். அவ்வாய்வின் முடிவு 1993ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளியாயிற்று. வெப்பநாட்டுப் புல்லும் மரமும் காற்றிலுள்ள கரியை வெவ்வேறு முறையில் ஏற்கின்றன. அவ்வேறுபாடு அவை மடிந்த பின்னரும் படிவில் நிலைத்திருக்கும். அதனைக் கொண்டு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாக இம்மலையில் எக்காலத்தில் புல் மிகுந்தது, எக்காலத்தில் மரம் மிகுந்தது என்பதை அவர்கள் கணித்தனர். வறண்ட பனியூழிக் காலத்தில் புல் பரந்தது; பின்னர் ஈரம் மிகுந்த காலத்தில் மரமும் ஈரநிலச் செடிகளும் பெருகின. ஆகவே, புல்வெளி மனிதன் காட்டை அழித்ததனால் உண்டானதன்று. மனிதன் கோடரி எடுப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அஃது அங்கே இருந்தது. பயனற்றதென்று வடிக்கப்பட்ட சேறே உண்மையைக் காத்து வைத்திருந்தது.

சதுப்புக்கு வேறொரு பெருமையும் உண்டு. மக்காமல் படிந்த செடிகளின் கரி அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. உலக நிலப்பரப்பில் இத்தகைய கருமண் நிலம் நூற்றுக்கு மூன்று பங்கேயாகும். எனினும், உலகக் காடுகளிலுள்ள மரஞ்செடிகள் யாவும் சேர்ந்து வைத்திருக்கும் கரியினும் மிகுந்த அளவு கரி அதில் உள்ளது. சதுப்பை வடித்தால் காற்றுப் புகும், கருமண் மக்கும், கரி வளியாகி வானில் கலந்து உலகின் வெப்பத்தைப் பெருக்கும். ஆயிரம் ஆண்டுகளில் சேர்ந்ததை ஒரு தலைமுறையில் இழந்துவிடலாம். மீண்டும் சேர்க்க ஆயிரம் ஆண்டுகள் வேண்டும்.

இந்நிலையில் லாங்வுட் சோலை பிழைத்தது எவ்வாறு? விறகு வெட்டுதல், மேய்ச்சல், குப்பை கொட்டுதல் முதலியவற்றால் அச்சோலையும் நலிவுறத் தொடங்கியது. அதனைக் கண்ட உள்ளூர் மக்கள் வனத்துறையினரோடு சேர்ந்து காவல் புரிந்தனர். தம் வீட்டுக் குடத்தில் நிரம்பும் நீர் அச்சோலையின் நீர் என்று உணர்ந்தமையே அவர்களை எழுப்பிய காரணம். ஈரநிலங்களைக் காப்பதற்கென ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971ஆம் ஆண்டு பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. இந்தியா 1982இல் அதில் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் 2024ஆம் ஆண்டு லாங்வுட் சோலையும் இடம்பெற்றது. ஏரியும் கழிமுகமும் மட்டுமே ஈரநிலம் என்று எண்ணியிருந்தோர்க்கு, மரம் அடர்ந்த காடும் ஈரநிலமாதல் கூடும் என்பதை அது புலப்படுத்தியது. நீலகிரியின் பிற பகுதிகளிலும் அயல்மரங்களை அகற்றிப் பழைய சோலையையும் புல்வெளியையும் மீட்கும் பணி நடைபெற்று வருகின்றது. அது மெல்ல நடைபெறும் பணி. ஒரு சோலைக் கன்று மரமாவதற்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

இத்தகைய சோலையில் நடப்போர்க்குச் சில நெறிகள் உண்டு. இசைவின்றி நுழைதல் கூடாது. வழியறிந்த ஒருவர் முன்னே செல்ல, பின்னே ஒருவர்பின் ஒருவராக, முன்பே உள்ள தடத்திலேயே நடத்தல் வேண்டும். சதுப்பில் ஒருவர் வைத்த அடிச்சுவடு ஓடையாகி நீரை வடித்துவிடக்கூடும். உரக்கப் பேசுதல், இலையும் மலரும் பறித்தல், தாளும் பிளாஸ்டிக் உறையும் எறிதல் ஆகியன தகா. காட்டெருமையைக் கண்டால் விலகி நின்று அதற்கு வழிவிடல் வேண்டும். மழைக்காலத்தில் அட்டை கடிப்பதுண்டு, அஃது அஞ்சத்தக்கதன்று. இந்நெறிகள் நடப்போரின் நலத்துக்கும் உரியன; அச்சோலையின் நலத்துக்கும் உரியன.

சோலையினின்று வெளிவந்து கீழ்நோக்கினால், தேயிலைத் தோட்டங்களுக்கு அப்பால், வெயில் படர்ந்த சமவெளி தெரியும். உள்ளே கைவிரல் அளவாகக் கசிந்த நீர், ஓடையாகி, ஆறாகி அச்சமவெளியை நோக்கி இறங்குகின்றது. 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையில் அது தேங்குகின்றது. அங்கிருந்து வாய்க்கால்வழி இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாய்கின்றது. பவானி காவிரியோடு கூடுமிடத்துக்கு அருகில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டுவித்ததாகப் போற்றப்படும் வாய்க்காலும் அவ்வாற்று நீரையே இன்றளவும் கொண்டு செல்கின்றது. அணையும் வாய்க்காலும் மனிதர் கைத்திறன். அவற்றுக்கு முன்னரே இயற்கை கட்டிய அணை மலைமேல் உள்ளது.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். வானம் வழங்கியதை வீணாக்காது காத்துத் தருவன சோலையும் சதுப்பும். கொங்கு நாட்டு மாணவர் தம் வீட்டுக் குழாயைத் திறக்கும்போதும், வாய்க்கால் மதகு திறந்து வயலில் நீர் பாய்வதைக் காணும்போதும், கோத்தகிரியின் அக்கருநிறச் சோலையை ஒருமுறை நினைத்தல் வேண்டும். வாய்ப்பு நேரும்போது ஆசிரியரோடு சென்று, அதன் தடத்தில் அடக்கமாக நடந்து, நீர் பிறக்கும் இடத்தைக் கண்டு வருதல் வேண்டும். தான் உண்ணும் நீரின் பிறப்பிடத்தை அறிந்தவன் அதனைக் கெடுக்க மனங்கொள்ளான்.